அச்சு அசல் மரநாய்

ஜூன் 3, செவ்வாய்

அருங்காட்சியக வாசலில் எங்களை வரவேற்று ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். "வேறு வேறு மனங்கள், ஒரே இயற்கை" என்று எழுதி, பக்கத்தில் ஒரு மூளை, மூளைக்குள்ளிருந்து ஒரு மரம். மூளைக்குள் மரம் முளைத்தால் ஆள் பிழைக்க மாட்டான் என்று பொறுப்பாளர் தண்டபாணி சாரிடம் சொன்னேன். "ஆழமான கருத்துங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு அதைச் சட்டைப்பையில் இருந்த தாளில் குறித்துக்கொண்டார். குறித்துக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை.

விஷயம் இதுதான். ஆனைத்தொட்டி இயற்கை அருங்காட்சியகத்தை நடத்தும் டிரஸ்ட், மூளை வேறு மாதிரி வேலை செய்கிற கலைஞர்கள் இரண்டு பேரை ஒரு மாதத்துக்கு அழைத்திருக்கிறது. ஒருத்தி நான். எனக்கு ஆட்டிசம். இன்னொருவர் பிரிட்டோ, கோத்தகிரிக்காரர், பறவைகள் வரைகிறவர். அவருக்குக் கவனக்குறைவு என்று டாக்டர் சொன்னாராம். "கொறைவெல்லாம் இல்லைங்க, எல்லாத்து மேலயும் கவனம் இருக்கு, அதான் பிரச்சினை" என்றார். அதைச் சொல்லும்போதே ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தார். செத்துப் பதப்படுத்திய மிருகங்களுக்கு நடுவே உட்கார்ந்து நாங்கள் இயற்கையைப் பற்றி ஏதாவது செய்ய வேண்டும். இருபத்தொன்பதாம் தேதி திறப்பு விழா. நிர்வாக அறங்காவலர் ராஜாத்தி அம்மாளுக்கு யாருடைய வேலை பிடிக்கிறதோ அவருக்குப் பின்பக்க அறையை மூன்று வருடத்துக்குக் கொடுப்பார்கள்.

அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். முன்பு மிருகங்களைப் பதப்படுத்திய இடம். கருங்கல் சுவர். டியூப்லைட் கிடையாது. ஒரே ஒரு ஜன்னல், அதை ஒட்டி ஒரு பலாமரம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். எதுவும் கேட்கவில்லை. அக்கா வீட்டில் மிக்ஸி ஓடும், குக்கர் கத்தும், டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், அவர்களுக்கு மாமா பதில் சொல்லுவார். எனக்கு இந்த அறை வேண்டும். இதற்கு முன்னால் நான் எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை, கல்யாணம் உட்பட.

ஜூன் 4, புதன்

பெரிய கூடத்தில் புலி சிரிக்கிறது. பதப்படுத்தியவர் புலியைப் பார்த்ததே இல்லையாம், தன் மாமனார் முகத்தை வைத்துச் செய்தாராம். காட்டெருமைக்கு ஒரு கண் பச்சை. இதெல்லாம் பரவாயில்லை. அந்துருண்டை நாற்றம்தான் தாங்கவில்லை. எனக்கு மூக்கு வழியாகத்தான் தலைவலி வரும்.

கூடத்தின் மூலையில் ஒரு காலிப் பீடம். "மரநாய்" என்று பலகை மட்டும் இருக்கிறது. மரநாயைப் பூச்சி தின்றுவிட்டது. "இது காலியா இருக்கறது எனக்கே மானக்கேடா இருக்குதுங்க. இதை நீங்கதான் நெரப்பிக் குடுக்கோணும்" என்றார் தண்டபாணி சார். சரி என்றேன். களிமண்ணும் தேங்காய் நாரும் வைத்துச் செய்யலாம். ஆனால் நான் மரநாயைப் பார்த்ததில்லை. பார்க்காததை நான் செய்வதில்லை, எனக்கு அப்படிப்பட்ட மாமனாரும் இல்லை.

நான் வேலை செய்யும் முறை: முதலில் வாசனை, அப்புறம் எடை, கடைசியில்தான் உருவம். எல்லாரும் உருவத்தில் ஆரம்பிக்கிறார்கள், அதனால்தான் புலி சிரிக்கிறது.

ஜூன் 9, திங்கள்

அந்துருண்டைகளைப் பொறுக்கி ஒரு வாளியில் போட்டு வெளியே வைத்தேன். மூலையில் ஈர மண், சாணம், சருகு பரப்பினேன். ஒரு பலாப்பழத்தைப் பிளந்து வைத்தேன், கனிந்த வாழைப்பழமும். மேலே இருந்த காற்று ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். தண்டபாணி சார் தும்மிக்கொண்டே திறந்தார். "கலைன்னா சரிங்க" என்றார். கலை என்றால் இந்த மனுஷன் கூரையைக்கூடப் பிரித்துக் கொடுப்பார் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். மாமா சட்டைகளில் பலாப்பழ வாசனை வந்துவிட்டதாம். வரட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

பலாச்சுளை பாதி காணோம். நீங்களா தின்றீர்கள் என்று தண்டபாணி சாரைக் கேட்டேன். இல்லை என்றார். நம்பினேன். ஒருவர் இல்லை என்று சொன்னால் நான் நம்பிவிடுவேன். அதற்குத்தானே சொல்கிறார்கள்.

ஜூன் 12, வியாழன்

பீடத்தில் மரநாய் இருக்கிறது.

காலையில் போனபோது சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் உடம்பு, முகத்தில் கறுப்பு, உடம்பு நீளத்துக்கு வால். நான் வாங்கி வைத்திருந்த தேங்காய் நார் முழுவதையும் இழுத்துப் படுக்கை போட்டுக்கொண்டிருந்தது. நான் தரையில் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்மதி அரிசி வேகிற மணம் அதன்மேல் வருகிறது. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

பதினோரு மணி டீயோடு தண்டபாணி சார் வந்தார். டீ அவர் கையிலேயே ஆறியது.

"அடேங்கப்பா! எப்பங்க அம்மிணி செஞ்சீங்க?"

"நான் செய்யலைங்க. அதுவா வந்துச்சு."

"அதேதானுங்க! நல்ல கலைன்னா அதுவா வரோணும். நாம செஞ்சாப்ல இருக்கப்படாது."

"காத்து ஜன்னல் வழியா வந்துச்சுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து பார்த்தார். "வயிறு ஏறி எறங்குது பாருங்க. உள்ளார மோட்டார் வெச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க. மூச்சு விடுது."

"சொல்ல மாட்டீங்க. தொழில் ரகசியம்" என்று ஒரு கண்ணை மூடித் திறந்தார். அவர் கண்ணில் தூசி விழவில்லை, அது எனக்கும் தெரியும்.

ஜூன் 13, வெள்ளி

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக ஸ்கூட்டரில் வந்த பாமா அக்காவிடம் தண்டபாணி சார் கேட்டாராம், உங்கள் தங்கை ஏன் தான் செய்யவில்லை என்றே சொல்கிறாள் என்று. அக்கா சிரித்துக்கொண்டே, "அவ அப்படித்தானுங்க சொல்லுவா. அவ சொல்ல வர்றது என்னன்னா, எல்லாம் ஆண்டவன் குடுத்ததுன்னு. தன்னடக்கம்" என்றாள்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. நான் சொல்ல வந்ததைச் சொல்லியும் விட்டேன். ஆனால் சின்ன வயதிலிருந்தே எனக்கும் ஊருக்கும் நடுவில் அக்காதான் நின்று பேசுகிறாள். நான் கல்யாண வீட்டில் "சாம்பார் புளிக்குது" என்றால், "அவ சொல்ல வர்றது என்னன்னா, வயிறு நெறைஞ்சு போச்சுன்னு" என்பாள். அவள் இல்லாவிட்டால் என்னை எந்த வீட்டிலும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

ராத்திரி தோசை. சட்னி அரைக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு குளியலறையில் இருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

மரநாய் பீடத்துக்குக் கீழே வெளிக்குப் போயிருக்கிறது. அத்தி விதை விதையாக. அள்ளுவதற்காக முறம் எடுத்து வருவதற்குள் தண்டபாணி சார் அதைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார். "படைப்பின் ஒரு பகுதி. மிதிக்க வேண்டாம்" என்று அட்டை வேறு.

"சார், அது பீ" என்றேன்.

"துணிச்சலுங்க அம்மிணி" என்றார்.

ஜூன் 18, புதன்

பிரிட்டோ இரண்டு வாரமாக ஒரு மீன்கொத்தியில் இருக்கிறார். அலகு மட்டும் முடிந்திருக்கிறது. நடுவில் ஒரு நாற்காலியைப் பழுது பார்த்தார், புல்லாங்குழல் கற்க ஆரம்பித்தார், விட்டார். இன்று பென்சில் சீவ என் பக்கம் வந்தவர் பீடத்தைப் பார்த்தார்.

"அது நெஜ மரநாய்" என்றேன்.

"கடிக்குமா?" என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "தெரியலைங்க" என்றேன். அவர் சீவிய பென்சிலை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதை எடுத்து வைத்திருக்கிறேன். நல்ல பென்சில், அதனால்தான்.

மரநாய் கொழுத்துக்கொண்டே போகிறது. நான் வைக்கும் பழம் அவ்வளவு இல்லையே. பலாப்பழத்தைக் குறைக்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தாள். "இதுக்கு எவ்வளவு நாள் ஆச்சு மேடம்?" என்று கேட்டாள். அதனுடைய வயது எனக்குத் தெரியாது என்றேன். "இந்த உயிர்ப்பு எங்கேருந்து வருது?" என்றாள். அதோட அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்றேன். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

ஜூன் 21, சனி

"தாய்மையே என் கலை: லோசனி நெகிழ்ச்சி." படத்தில் நான் கண்ணை மூடியிருக்கிறேன், மரநாய் திறந்திருக்கிறது. அக்கா அதை வெட்டி லேமினேட் செய்து டிவிக்கு மேல் வைத்துவிட்டாள். மாமா நாலு பேருக்குப் போன் செய்தார்.

ஜூன் 23, திங்கள்

தண்டபாணி சாரை மரநாய் கடித்துவிட்டது. வால் பீடத்துக்கு வெளியே தொங்குவது பார்க்க லட்சணமாக இல்லை என்று அதைத் தூக்கி மேலே வைக்கப் போனார். நல்ல கடி. ரத்தம் வந்தது.

"கம்பி வெளிய நீட்டிட்டு இருக்குதுங்க அம்மிணி" என்றார். "விழாவுக்கு முன்னால அதை மட்டும் மடக்கி விட்டுருங்க."

"கம்பி இல்லை சார், பல்லு. நாய்க்கடி ஊசி போடுங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போனேன். டிக்கெட் கவுண்ட்டர், கழிப்பறை வாசல், அவர் டிபன் டப்பா திறக்கிற மரத்தடி. ஊசி, ஊசி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஊசி போட்டுக்கொண்டார். "உங்க மனசு நோகப்படாதுன்னுதானுங்க" என்றார்.

ஜூன் 25, புதன்

குட்டி போட்டிருக்கிறது. கண் திறக்காத மூன்று குட்டிகள். இவ்வளவு நாள் கொழுப்பு என்று நினைத்துப் பலாப்பழத்தைக் குறைத்தேன். பாவி நான்.

தாய் என்னைப் பார்த்து உறுமியது. பிறகு குட்டிகளை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டது. நான் அழவில்லை. பலாப்பால் பட்ட கையைக் கண்ணில் வைத்துவிட்டேன்.

தண்டபாணி சார் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஒரே நாள்ல மூணு குட்டியும் செஞ்சுபோட்டீங்களா! தூங்கவே இல்லீங்களா நீங்க?"

"நான் செய்யலைங்க. அது பெத்துச்சு."

"இதை நான் ராஜாத்தி அம்மாகிட்டச் சொல்லியே ஆவோணும்" என்று போனை எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஜூன் 26, வியாழன்

ராஜாத்தி அம்மாள் வந்தார். வெள்ளைப் புடவை, மில் முதலாளியின் மனைவி, குரலே உயராத மனுஷி. பீடத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கண்ணீர் விட்டார். நல்லவர் என்றுதான் எனக்குப் பட்டது, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

என் கையைப் பிடித்து, அதில் பின்பக்க அறையின் சாவியை வைத்தார். "இது இனிமேல் உன்ற ரூமு கண்ணு." எனக்குக் கையைப் பிடித்தால் பிடிக்காது. ஆனால் சாவி இருந்ததால் பொறுத்துக்கொண்டேன். பித்தளைச் சாவி. கனமாக இருந்தது.

பிறகு தண்டபாணி சாரிடம் சொன்னார்: "போன மரநாயைப் பூச்சி தின்னாப்ல இதையும் தின்னுறப்படாது. ஞாயித்துக்கெழமை காலையில சுத்தியும் கண்ணாடி போட்டு, சிலிக்கான் பசை வெச்சு அடைச்சுருங்க. காத்துகூட உள்ளார போவப்படாது."

"காத்து போகலைன்னா அது செத்துப்போயிரும்" என்றேன்.

"கலைஞருங்களுக்கு அப்படித்தான் கண்ணு இருக்கும். என்ற வீட்டுக்காரரும் மில்லைப் பத்தி அப்படித்தான் சொல்லுவாரு. மிசினு நின்னா என்ற உசுரே நின்னுபோயிருமின்னு."

"அம்மா, நான் அப்படிச் சொல்லலைங்க. இது உவமை இல்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தண்டபாணி, இதையும் எழுதி வெக்கோணும்" என்றார்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது பலகை மாறியிருந்தது. மேலே "மரநாயும் குட்டிகளும்." கீழே "இது உவமை இல்லை."

ஜூன் 27, வெள்ளி

இன்று உண்மையை எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் சொன்னேன். நின்றுகொண்டு சொன்னேன். கத்திச் சொன்னேன். பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். தண்டபாணி சார் அந்தத் தாளையும் ஃபிரேம் போட அனுப்பிவிட்டார். பிரிட்டோவும் வந்து சொன்னார், "சார், நெஜமாவே உசுரோட இருக்கு." "நீங்களும் சேர்ந்துட்டீங்களா! பிரமாதமுங்க" என்று அவருக்கும் கை கொடுத்தார்.

பிரிட்டோ ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து மரநாயின் காதருகே தட்டினார். அது ஒரு கண்ணைத் திறந்து பல்லைக் காட்டிவிட்டு மறுபடியும் தூங்கியது. "ரிமோட் யாருகிட்ட இருக்குதுங்க?" என்று தண்டபாணி சார் எங்கள் இருவர் கையையும் பார்த்தார்.

பிறகு பிரிட்டோ, காட்டு விலங்குகளை மீட்கிற ஒருவருக்குப் போன் போட்டார். எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். மியூசியத்தில், பீடத்து மேல் என்றார் பிரிட்டோ. பீடத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டார். மரநாய் என்று எழுதியிருக்கிறது. அவர் போனை வைத்துவிட்டார்.

கடைசியில், குட்டிகளோடு பீடத்தின் மேல்பலகையையே தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று நாங்கள் இரண்டு பக்கமும் கை வைத்தோம். தண்டபாணி சார் குறுக்கே வந்து நின்றார். "அம்மிணி, அம்மா சாவி குடுத்ததோட இது டிரஸ்ட் சொத்தாயிருச்சுங்க. இனிமேல் நீங்களே ஆனாலும் தொடப்படாது." கூடத்தைப் பூட்டிவிட்டார். விழாவுக்குத்தான் திறப்பாராம்.

தாய் காற்று ஜன்னல் வழியாகப் போய்வரும். குட்டிகள் போக முடியாது. குட்டிகளை விட்டுவிட்டு அது எங்கேயும் இருக்கவும் இருக்காது. விடிந்தால் பீடத்துக்கு வந்துவிடும்.

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, அது உயிரோட இருக்கு." அவள் என் தட்டில் ரசம் ஊற்றினாள். "எனக்கும் அதைப் பார்த்தா அப்படித்தான்டி இருந்துச்சு" என்றாள்.

ஜூன் 28, சனி

சாவியை ஒரு தடவை கழுவித் துடைத்தேன். வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மரநாய்க்கு மூன்று பக்கம் கண்ணாடி ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தது. நாலாவது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர், சிலிக்கான் துப்பாக்கியோடு ஒருவர். அவர்களுக்கு முன்னால் பிரிட்டோ கையை விரித்துக்கொண்டு நின்று, "பெயிண்ட் காயலை, பெயிண்ட் காயலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக்கூட அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்க முடியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. கூடம் முழுக்க ஆட்கள். ராஜாத்தி அம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அது மூச்சு விடுது" என்றேன். கைதட்டினார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் இதையே இன்னும் நூறு தடவை சொன்னாலும் இவர்கள் நூறு தடவையும் கைதட்டுவார்கள், நாலாவது கண்ணாடியும் வந்து நின்றுவிடும். நான் பொய் சொன்னதில்லை. நல்லவள் என்பதால் அல்ல, எனக்கு வராது. நடந்தது ஒன்றும் சொன்னது ஒன்றுமாக இரண்டு விஷயங்களை மண்டையில் வைத்துக்கொள்ள வேண்டுமே. ஆனால் வாயைத் திறந்தேன், வந்துவிட்டது.

"இதை நான்தான் செஞ்சேன்" என்றேன். "தப்பாச் செஞ்சுட்டேன். காது அளவு தப்பு. நெஜ மரநாய்க்குக் காது இவ்வளவு பெருசா இருக்காது."

ராஜாத்தி அம்மாள் எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஆமா, கொஞ்சம் பெருசாத்தான் தெரியுது" என்றார்.

"எனக்கு அப்பவே ஒரு மாதிரி பட்டுதுங்க" என்றார் தண்டபாணி சார், கடிபட்ட விரலைத் தடவிக்கொண்டு.

மரநாய் தன் சரியான காதை ஒரு தடவை ஆட்டியது.

"உள்ளே மோட்டாரும் இருக்கு" என்றேன். ஒரு தடவை ஆரம்பித்த பிறகு அது ஓடிக்கொண்டே இருந்தது. "கோயமுத்தூர்ல வாங்கினது. மட்டமான மோட்டார். சூடாகுது. கண்ணாடிக்குள்ள வெச்சு அடைச்சா தீப்பிடிச்சுரும்."

காற்றில்லாமல் செத்துவிடும் என்று நான்கு நாளாகச் சொன்னேன், ஒருவர் நகரவில்லை. தீ என்றதும் முதல் வரிசை முழுவதும் எழுந்து பின்னால் போனது. கண்ணாடிக்காரர்கள் கண்ணாடியோடு வாசல் வரை போய்விட்டார்கள்.

ராஜாத்தி அம்மாள் மட்டும் நின்றார். "அப்ப நீ செய்யலை, செய்யலைன்னு சொன்னதெல்லாம் என்ன கண்ணு?"

"பொய்யுங்க" என்றேன்.

இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை. நான் சொன்ன உண்மைகளை எல்லாம் நானே பொய் என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே நம்பினார். இத்தனை நாள் நம்பாதவர்கள் எல்லாரும் ஒரே நிமிடத்தில் நம்பினார்கள். "உன்ற மனசு கள்ளமில்லாத மனசுன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே" என்று மெதுவாகச் சொன்னார். கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். "தண்டபாணி, இதைக் கொண்டுபோய் அந்தப் பின்னால ரூமுல போட்டு மூடுங்க. இனிமேல் அது யாருக்கும் வேண்டாம், உடைஞ்சது ஒடசலெல்லாம் போட்டு வெச்சுக்கலாம்."

நானும் பிரிட்டோவும் பீடத்தின் மேல்பலகையைத் தூக்கிக்கொண்டு போனோம். தாய் கண்ணைத் திறந்து வழி நெடுக உறுமிக்கொண்டே வந்தது. அறைக்குள் மேசைமேல் வைத்தோம். பலாமரத்துப் பக்கம் ஜன்னலை விரியத் திறந்துவிட்டோம். எதுவும் கேட்கவில்லை. என் அறை. எனக்கு அது வேண்டியிருந்தது, இப்போதும் வேண்டியிருக்கிறது. தண்டபாணி சார் வெளியிலிருந்து பூட்டினார். அவரும் அழுதுகொண்டிருந்தார். "அந்தக் காதை மட்டும் கொஞ்சம் பாத்திருக்கலாமுங்களே அம்மிணி" என்றார்.

விழா பிரிட்டோவின் மீன்கொத்தி அலகோடு நடந்து முடிந்தது.

திரும்பும்போது அக்கா வண்டியை விரட்டி ஓட்டினாள். பேக்கரி பக்கத்தில் வண்டியை நிறுத்தி, "எறங்குடி" என்றாள். இறங்கினேன்.

"நீ எப்ப கோயமுத்தூர் போய் மோட்டார் வாங்கினே? கடைக்காரங்கிட்ட நின்னு ஒரு சோப்புகூடக் கேக்க மாட்டே நீ."

"வாங்கலை."

"அப்ப அதோட வயிறு ஏறி எறங்கினது?"

"மூச்சு."

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நேத்தில்ல முந்தா நாள் சொன்னியே, அது உசுரோட இருக்குன்னு."

"ஆமா."

"நானு என்ற பங்குக்கு ரசத்தை ஊத்திட்டு இருந்தேன்." அவள் முகம் கோணியது. "ஏன்டி லோசு, இத்தனை வருசமா நீ சொன்னதையெல்லாம் நான்தான் மாத்தி மாத்திச் சொல்லிட்டு இருந்தனா?"

"ஆமா" என்றேன். அதற்கு வேறு பதில் இல்லை.

அக்கா பேக்கரி வாசலிலேயே அழுதாள். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஹெல்மெட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. இன்று பலாப்பழம் உரிக்கவில்லை. பிறகு அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "குட்டி போட்டது என்னடி திங்கும்?" என்று கேட்டாள்.

"பழம் திங்கும். முட்டையும் திங்கும்."

முட்டை வாங்கினாள். பழம் வாங்கினாள். வண்டியைத் திருப்பினாள். அருங்காட்சியகம் மூடியிருந்தது, வெளிச்சம் இன்னும் இருந்தது. பின்பக்கமாகச் சுற்றிப் போனோம். அறை பூட்டியிருக்கிறது, ஜன்னல்தான் வழி என்றேன். அக்கா ஜன்னலைப் பார்த்தாள், பலாமரத்தைப் பார்த்தாள். பட்டுப்புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, முட்டைப் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் அவள்தான் ஏறினாள்.